வௌவால் பெட்டியில் நான் அடைத்த ஓட்டை

இந்தக் குளிர் நாட்டில் நான் வௌவால்களை வெக்கையில் அவித்துக் கொன்றிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரிடமாவது கேள்விப்பட்டுவிட்டு, தேத்தண்ணீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்று "அங்கிள், உது உண்மையோ?" என்று கேட்கவேண்டாம். உண்மைதான்.

நீங்கள் எல்லோரும் புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள். வௌவால் பெட்டிக்கு எந்தப் பலகை, எத்தனை அடிக் கம்பம், எந்தத் திசை என்பதெல்லாம் மற்றவர்கள் காட்டித்தருவார்கள். படமும் தருவார்கள். ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால் தன் வீரப்பிரதாபத்தை அவிழ்த்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். என்னிடம் அந்தச் சாமான் குறைவு. இருக்கிறது ஒரு பகல். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் படித்தவன் இல்லை. ஸ்காபரோவில் வீடுகளின் கூரைக்குள் ஏறி, குளிர் புகாமல் இன்சுலேஷன் போடுவதுதான் என் தொழில். கூரைக்குள் தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் தேய்ந்தவன். எனக்கு வேலை பழக்கிய முதலாளிக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும்: ஓட்டையைக் கண்டால் அடை. கேள்வி கேளாதே, அடை. அதை அவர் எனக்குச் சொல்லித்தரவே தேவை இருக்கவில்லை. நான் இங்கு வந்த முதல் குளிர்காலம் பார்க்டேலில் ஒரு அறையில் ஐந்து பேராகக் கிடந்தோம். யன்னல் சட்டம் விலகி, ஏரிக் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். நான் என் ஒரேயொரு நல்ல சேர்ட்டைக் கிழித்து அந்த இடைவெளிக்குள் திணித்தேன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்றைக்கும் விட்டுப்போகவில்லை. ஜூலை மாதத்திலும் காருக்குள் ஒரு ஸ்வெற்றர் வைத்திருக்கிற ஆள் நான். சிரிக்காதீர்கள், உங்கள் அப்பாமாரும் வைத்திருப்பார்கள்.

வௌவால் வேலைக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தவள் ஆரணி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, உயிரியல் படித்துவிட்டு ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் வேலை செய்தாள். அவளின் வீட்டுக் கூரை வேலைக்கு நான் போனபோது என் கைவேலையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், வௌவாலுக்கு வீடு கட்டுவீங்களோ?" என்று கேட்டாள். பகிடி என்றுதான் நினைத்தேன்.

அவள்தான் அந்த நோயைப் பற்றிச் சொன்னாள். வெண்மூக்கு நோய். குளிர்காலத்தில் குகைகளுக்குள்ளும் பழைய சுரங்கங்களுக்குள்ளும் வௌவால்கள் தூங்கும்போது ஒரு பூஞ்சணம் மூக்கிலும் சிறகிலும் வெள்ளையாகப் பிடிக்கிறது. அது தூக்கத்தைக் கலைக்கிறது. விழித்தால் உடம்பில் சேர்த்த கொழுப்பு எரிந்துபோகும், வெளியே தின்ன ஒரு பூச்சி இராது. பட்டினியில் சாகும். கூட்டம் கூட்டமாகச் செத்தன என்றாள். தப்பியவை வசந்தத்தில் சிறகு முழுக்கப் புண்ணோடு வெளியே வருகின்றன. அப்போது அவற்றுக்குச் சூடான ஒரு வீடு கிடைத்தால் புண் ஆறும், குஞ்சும் பிழைக்கும். ஒரு தாய்க்கு ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான். ஒன்று போனால் ஒரு வருடம் போயிற்று.

"சூடான வீடு" என்று அவள் சொன்னது மட்டும் என் காதில் நன்றாக ஏறிவிட்டது.

மூன்று பெட்டிகள் செய்தோம். நானும் நவாஸும். நவாஸ் மன்னார்க்காரன், என்னோடு நெடுங்காலம் கூரை வேலை செய்தவன், கையில் நல்ல நிதானம். ஒரு பெட்டி மில்லிக்கனில், பிளாசாவுக்குப் பின்னால் மழைநீர் தேங்குகிற குளத்தடியில். ஒன்று மோர்னிங்சைட் பக்கம், பள்ளத்துக் காட்டு ஓரத்தில். மற்றது பார்க்டேலில், ஒரு தோட்டத்து வேலியோரம். ஆரணி தந்த படத்தில் பெட்டியின் முன்பக்கத்தில், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில், குறுக்காக ஒரு நீள ஓட்டை கீறியிருந்தது. விரல் அகலம். காற்றுப் போவதற்கு, வென்ற் என்பாள்.

எனக்கு விசர் வந்தது. வீட்டைச் சூடாக வைக்கச் சொல்லிவிட்டு நடுவில் ஓட்டை போடச் சொல்கிறாள்! ஹீற்றர் போட்ட வீட்டில் பிறந்த பிள்ளை, இவளுக்குக் குளிர் என்றால் என்ன தெரியும்? படத்தில் இருந்தபடி ஓட்டையை வெட்டினேன். பிறகு உள்ளே நுரைப் பட்டியை வைத்து, வெளியே கறுப்புச் சிலிக்கன் பசையால் அடைத்துவிட்டேன். பெட்டியும் கறுப்பு, சிலிக்கனும் கறுப்பு. கீழே நின்று பார்த்தால் ஓட்டை இருக்கிற மாதிரியே தெரியும்.

நவாஸ் மட்டும் கேட்டான். "அண்ணை, அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டே அடைக்கிறீங்கள்?"

"சொன்னா வேண்டாம் எண்டுவாள்," என்றேன். "நீ அந்த சிலிக்கனைத் தா."

வசந்தம் வந்தது. மே மாதம் அந்த வருடம் நல்ல குளிர். ஆனாலும் மில்லிக்கன் பெட்டிக்கு வௌவால் வந்துவிட்டது. அடுத்த கிழமை மோர்னிங்சைட் பெட்டிக்கும் வந்தது. பார்க்டேல் பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஆரணி போனில் கத்திய கத்தில் என் காது அடைத்துப்போனது. எல்லாம் தாய்மார், எல்லாம் நோய்க்குத் தப்பியவை என்றாள். ஓட்டையை அடைத்ததை அப்போதும் நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பெருமை சொல்லி முடியாது. படம் கீறியவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது பார் என்று நவாஸிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தக் குளிரில் அவை வந்ததற்கு அடைத்த ஓட்டையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதுதான் கோதாரியாய் முடிந்தது. அன்றே ஒன்றும் வராமல் போயிருந்தால் கழற்றிப் பார்த்திருப்போம்.

ஜூன் கடைசிக் கிழமை வெக்கை வந்தது. உங்களுக்குத் தெரியும், இந்த ஊர் வெக்கை வந்தால் சும்மா வராது. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு என் போன் அடித்தது. மில்லிக்கன் பிளாசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அன்ரி. பெட்டிக் கம்பத்தில் என் நம்பர் எழுதியிருந்தது.

"தம்பி, உங்கட பெட்டியில இருந்து என்னவோ விழுது. நான் குப்பை போட வந்தனான். ஐயோ, சின்னக் குஞ்சுகள் தம்பி. துடிக்குது."

நானும் நவாஸும் பத்து நிமிடத்தில் போய்விட்டோம். கம்பத்தடியில் புல்லுக்குள் அவை கிடந்தன. என் பெருவிரல் அளவு. மயிர் சரியாக முளைக்கவில்லை. சில அசையவில்லை, சில வாயைத் திறந்து திறந்து மூடின. மேலே பார்த்தேன். தாய்கள் பெட்டியின் அடிவாயில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு, நடுப்பகலில், சிறகை விரித்து விரித்து விசிறின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குஞ்சு விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இன்னா லில்லாஹி," என்றான் நவாஸ்.

அவை ஏன் விழுகின்றன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. யோசிக்கவே தேவை இருக்கவில்லை. கூரைக்குள் வேலை செய்தவனுக்கு, காற்றுப் போகாத கூரை ஜூனில் எப்படிக் கொதிக்கும் என்று தெரியாதா? முப்பது வருடம் அந்தக் கொதிப்புக்குள் தவழ்ந்தவன் நான். அடைக்கிற அன்று அது ஏன் எனக்கு நினைவு வரவில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

ஆரணிக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, மில்லிக்கனில குஞ்சு விழுது, கெதியா வா," என்றேன். ஓட்டையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

நவாஸ் கிட்ட வந்து மெல்லக் கேட்டான். "அண்ணை, அந்த ஓட்டை..."

"வாயைப் பொத்து," என்றேன்.

என்னோடு அத்தனை வருடம் வேலை செய்தவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் வான் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். நான் ஒரு மரத்தடியில் நின்று வேறு காரணம் தேடினேன். பூச்சி மருந்து அடித்திருப்பார்களோ. குளத்துத் தண்ணீரில் ஏதும் கலந்திருக்குமோ. இப்படி என்னென்னவோ. ஒவ்வொரு குஞ்சாக விழ, நான் ஒவ்வொரு காரணமாகத் தேடிக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அதிர்ச்சி குஞ்சுகளைப் பார்த்து வந்ததைவிட என்னைப் பார்த்து வந்ததுதான் கூட.

ஆரணி வர நாற்பது நிமிடம் பிடித்தது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்தாள். புல்லுக்குள் முழங்காலில் இருந்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, கையுறை போட்டிருந்தாள்.

"ஹீற் எண்டுதான் முதல்ல நினைச்சன்," என்றாள். "ஆனா வென்ற் இருக்குத்தானே, அங்கிள். சூடு வெளிய போயிருக்கும். உது வேற என்னவோ. நஞ்சா, புது நோயா தெரியேல்ல." போனை எடுத்தாள். "ஒருத்தரும் பெட்டியைத் தொடவேண்டாம். லாப்புக்குச் சாம்பிள் எடுக்கிற ஆக்கள் வரட்டும். ரெண்டு மணித்தியாலம் ஆகும். நத்திங் மூவ்ஸ் அண்டில் தென்."

இரண்டு மணித்தியாலம். வெயில் அப்போதுதான் பெட்டியின் முகத்துக்கு நேரே திரும்பிக்கொண்டிருந்தது. அவள் என்னை நம்பியதால், அந்த நம்பிக்கையை வைத்துக் கணக்குப் போட்டு, பிழையான முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை," என்றேன். "வென்ற் இல்லை. நான் அடைச்சுப்போட்டன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சிலிக்கன் போட்டு அடைச்சனான். குளிருமெண்டு. உனக்குச் சொல்லேல்ல."

ஏசுவாள் என்று நின்றேன். நாலு பேச்சு வாங்கியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஏசவில்லை. "எத்தினை பெட்டி, அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள்.

"மூண்டும்."

"மோர்னிங்சைட்," என்றாள். மோர்னிங்சைட் அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு மணித்தியாலமும் நான் மில்லிக்கனைப் பற்றி மட்டும், அதிலும் என் மானத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். அதே வெயில், அதே சிலிக்கன், இன்னொரு கம்பத்திலும் கொதித்துக்கொண்டிருப்பது என் மண்டைக்குள் வரவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். நான் ஏணியை எடுத்துக்கொண்டு ஏறப்போனேன். "நோ, அங்கிள். நாய்க்கடிக்குப் போடுற ஊசி போட்ட ஆள்தான் கிட்டப் போகலாம். நான் ஏறுறன். எப்பிடி வெட்டுறதெண்டு சொல்லுங்கோ." நான் அடைத்ததை நானே திறக்கக்கூட முடியவில்லை. கீழே நின்று, கத்தியை மேல்முகமாகச் சாய்த்துப் பிடி, உள்ளே அழுத்தாதே, நுரையை ஒரேயடியாக இழுக்காதே, மெல்ல மெல்ல வா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அவள் கைக்கு ஒரு விரல் அப்பால் வௌவால்கள்.

நிழலுக்கு எங்களிடம் ஒரு தார்ப்பாய்தான் இருந்தது. அது மோர்னிங்சைட்டுக்குத் தேவை. கடை அன்ரிதான் ஓடிப்போய், மட்டன் றோல் மலிவு என்று அச்சடித்த பெரிய பனர்த் துணியைக் கழற்றிக்கொண்டு வந்தா. அவவும் கடையில் வேலை செய்கிற இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு கூட்டுகிற தும்புத்தடியில் அதைக் கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "கை உளைஞ்சாலும் விடமாட்டம், நீங்கள் போங்கோ," என்றா. கடை அடுப்பில் என்ன கருகியதோ தெரியாது.

"நீங்க ரெண்டு பேரும் போய் அங்க நிழல் மட்டும் குடுங்கோ," என்று ஏணியில் நின்றபடியே ஆரணி சொன்னாள். "பெட்டியைத் தொடாதேங்கோ. நான் இதை முடிச்சிட்டு வாறன்."

நவாஸ் வானை எப்படி ஓட்டினான் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மோர்னிங்சைட்டில் இறங்கி ஓடினோம். கம்பத்தடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை! புல் துப்பரவாகக் கிடந்தது. ஒரு குஞ்சுகூட விழவில்லை. மரங்கள் பக்கத்தில் இருக்கிறபடியால் தப்பிவிட்டது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றான் நவாஸ். இருவரும் சிரித்தோம்கூட. தார்ப்பாயை இரண்டு சட்டத்தில் கட்டி வெயிலை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ அண்ணை, சிலிக்கனை எடுத்துத் தந்தது நான்தானே," என்றான்.

அரை மணித்தியாலத்தில் ஆரணி ஏணியோடு வந்தாள். மில்லிக்கனில் ஓட்டையைத் திறந்ததும் தாய்கள் மெல்ல உள்ளே போய்விட்டன என்றாள். உயிரோடு கிடந்த குஞ்சுகளை ஒரு துணியைப் பற்றிக்கொள்ள வைத்து, அதைக் கம்பத்தில் கட்டிவிட்டதாகவும், தாய்கள் வந்து எடுக்கும் என்றும் சொன்னாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இங்கே ஒன்றும் விழவில்லை என்று சொன்னேன். அவள் புல்லைப் பார்த்தாள், பெட்டியின் வாயைப் பார்த்தாள். அடிவாயில் ஒரு வௌவாலும் தொங்கவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

ஏறினாள். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கத்தியை எடுக்கவில்லை.

தாய்கள் இறங்கவில்லை. மேல் மூலையில் குஞ்சுகளை அணைத்தபடி, பலகையோடு பலகையாக, எல்லாம் அப்படியே இருந்தன. விழுந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஒன்றில் மட்டும் மூச்சு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, கையுறைக்குள் வைத்துத் துளி துளியாகத் தண்ணீர் கொடுத்தாள். முன்கையில் சின்ன உலோக வளையம். சிறகில் ஓட்டை ஓட்டையாகப் பழைய தழும்புகள், எல்லாம் ஆறியவை.

"இவவுக்கு வளையம் போட்டது நான், அங்கிள்," என்றாள். "ஒரு மைன் சுரங்கத்துக்குள்ள. மூக்கு முழுக்க வெள்ளை. சாகத்தான் போறா எண்டு நினைச்சன். தப்பி வந்திட்டா."

அவள் கையிலேயே அது செத்துப்போனது. நவாஸ் தார்ப்பாயை இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி ஆரணி அறிக்கை எழுதினாள். என் பெயரையும் போடச் சொன்னேன், போட்டாள். விசாரித்தார்கள், எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். என்னை வௌவால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, நான் என்றால் நிறுத்தியிருப்பேன். அடுத்த மே மாதம் மில்லிக்கன் பெட்டிக்கு வௌவால்கள் திரும்பி வந்தன. மோர்னிங்சைட் பெட்டிக்கு வரவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் நான் செய்த ஒவ்வொரு பெட்டியிலும், கம்பத்தில் ஏற்றுமுன், யாரையாவது கூப்பிட்டு அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொல்வேன். நீங்களும் பாருங்கள். நான் அடைத்தது பெரிய பிழை. ஆனால் அதைச் செய்யும்போது எனக்குத் தெரியாது, நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அப்படிப்பட்ட பிழை உங்களுக்கும் வரும், வராமல் இராது. தெரிந்த பிறகு நான் செய்ததுதான் வேறு கதை.

குஞ்சுகள் விழுந்த அன்று பின்னேரம் பார்க்டேல் பெட்டியையும் திறக்க வேண்டியிருந்தது. ஆரணியின் காரில் நான் போனேன், நவாஸ் வானில் பின்னால் வந்தான். நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. ஏசி போட்டிருந்தாள், எனக்குக் குளிர்ந்தது. அந்தப் பிள்ளை எதையும் அறுதியாகச் சொல்லமாட்டாள். நாளைக்கு மழை வருமோ என்று கேட்டாலும், "வரலாம், ஷுவராச் சொல்லேலாது" என்பாள். அதை நம்பித்தான் கேட்டேனோ தெரியாது. அப்படி ஒரு பதில் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது.

"பிள்ளை," என்றேன். "முதல் போன் எடுத்த நேரமே ஓட்டையைப் பற்றி நான் உன்னட்டைச் சொல்லியிருந்தா, மோர்னிங்சைட்டையும் நேரத்துக்குத் திறந்திருக்கலாம்தானே. அவை தப்பியிருக்குமோ?"

அவள் றோட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ஓம், அங்கிள்," என்றாள். "தப்பியிருக்கும்."